அரைநாள் சாவு

ஜோ எரிந்துபோன வாரத்தில் அம்மா வீட்டிலிருந்த தாழ்ப்பாள்களை எல்லாம் கழற்றிவிட்டாள். முன்கதவு, பின்கதவு, குளியலறை, எதையும் விடவில்லை. துருப்பிடித்து வராத திருகாணிகளைக் குழவிக்கல்லால் தட்டிப் பெயர்த்தாள். அது நடந்து இரண்டு வருஷமாகிறது. கடற்காற்று வீசும்போது கதவுகள் தாமாகத் திறந்து தாமாகச் சாத்திக்கொள்ளும். டெபோராவுக்கு அது பழகவே இல்லை. ஒவ்வொரு முறையும் யாரோ வந்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பாள்.

ஜோ அவளுடைய அண்ணன். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி ஓட்டினான். அவன் சிநேகிதன் நோயலும் லாரி டிரைவர்தான். திருவொற்றியூரில் அவர்கள் தெருவில் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டவர்கள் குறைவு. கோலி விளையாடிய காலத்திலிருந்தே "டேய் ஜோ நோயலு" என்று ஒரே மூச்சில்தான் கூப்பிடுவார்கள். துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கும் லாரிகளிலிருந்து நோயல் டீசல் உறிஞ்சி விற்றான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்த ஜோ கடைசியில் போலீசில் சொன்னான். ஜெயிலுக்குப் போன நோயல் ஜாமீனில் வெளியே வந்தான். ஒரு விடிகாலையில் ஜோவின் வீட்டுக் கதவை வெளியிலிருந்து தாழிட்டான். பிறகு ஜன்னல் வழியாகப் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினான். உள்ளே ஜோவும் அவன் மனைவி சில்வியாவும் இருந்தார்கள். சில்வியா நிறைமாசம்.

போன வாரம் அமர்வு நீதிமன்றம் நோயலைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டது. என்ன தண்டனை என்பதுதான் பாக்கி. அதற்கு வெள்ளிக்கிழமை தேதி கொடுத்திருந்தார்கள்.

"அரிதினும் அரிதான வழக்குன்னு நான் வாதாடப் போறேன்" என்றார் அரசு வக்கீல் குணசேகரன். "குடும்பத்துல இருந்து யாராவது பேசணும்னா ஜட்ஜு கேட்பாரு. அம்மா வேண்டாம், அழுதுடுவாங்க. நீங்க பேசுங்க. நீளமா ஒண்ணும் வேண்டாம். தூக்குத் தண்டனைதான் எங்களுக்கு நியாயம், அவ்வளவுதான். சொல்லிடுவீங்க இல்ல?"

"சொல்லிடுவேன் சார்" என்றாள் டெபோரா.

பேச்சு வராதவள் என்று பெயரெடுத்தவள் அவள். ராயபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஆட்களிடம் பேசுவதைவிடக் குழாய்களில் பெயர் ஒட்டுவது அவளுக்குச் சுலபம். ஆனால் இந்த ஒரு வார்த்தையை எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். பல் துலக்கும்போதுகூடச் சொன்னாள்.

தெருமுனையில் கோதண்டம் ஒரு பேனர் கட்டியிருந்தார். லாரி டிரைவர்கள் சங்கத்தில் அவர் ஏதோ பொறுப்பு. ஜோவும் சில்வியாவும் கல்யாணக் கோலத்தில் சிரிக்கும் படம், மேலே சிவப்பு எழுத்தில் 'நீதி வேண்டும், தூக்கு வேண்டும்', கீழே கோதண்டமும் நண்பர்களும் கும்பிட்டபடி நிற்கும் படங்கள். கோதண்டத்தின் படம் ஜோவின் படத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

வேலையிடத்தில் ஃபரா மட்டும் வேறு மாதிரி பேசினாள். பக்கத்து மேசைக்காரி அவள், வாய் சும்மா இருக்காது.

"நீ கோச்சிக்காத டெபோ. தூக்குல போடறப்போ ஒரு டாக்டரு பக்கத்துலயே நிக்கணுமாமே. உயிரு பூட்ச்சான்னு நாடி புடிச்சுப் பாக்கணுமாம். அந்தாளு அப்பால வூட்டுக்குப் போயி எப்டி சோறு துன்னுவாரு?"

"நோயல் துன்னானே" என்றாள் டெபோரா. "கொளுத்திட்டு நேரா காசிமேடு போயி இட்லி சாப்ட்டான். கடைக்காரரே சாட்சி சொன்னாரு. கெட்டிச் சட்னி கேட்டானாம்."

ஃபரா தன் மேசைக்குத் திரும்பினாள்.

செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு உகந்த நாள். காலைப் பூசைக்கே கோயில் நிரம்பிவிடும். வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிறவர்களும் வருவார்கள், நெற்றியில் திருநீறு வைத்தவர்களும் வருவார்கள். டெபோரா கல்லூரிக் காலத்திலிருந்தே செவ்வாய்க்கிழமைகளில் மைக்கில் பூசைக் கருத்துகளை, அதாவது யார் யாருக்காகப் பூசை வைக்கிறார்கள் என்பதை, வாசிப்பவள். ஆட்களிடம் பேச வராதவளுக்கு மைக்கில் மட்டும் குரல் வரும். எழுதியிருப்பதைத்தானே படிக்க வேண்டும். முதலில் உயிரோடிருப்பவர்களுக்கான வேண்டுதல்: பரீட்சை, பிரசவம், வெளிநாட்டு விசா. அதன்பிறகு இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றி. அதில் ஜோவும் சில்வியாவும் எப்போதும் இருப்பார்கள். அம்மா ஒரு செவ்வாய் தவறாமல் கருத்துக் கொடுத்துவிடுவாள்.

அன்று மணி அடிக்கும் நேரத்தில், கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் சவரிநாதன் அவளருகே குனிந்தார்.

"சிலுவையம்மா சொல்லி அனுப்பிச்சிது. புள்ளைக்காக ஒரு கருத்து. உயிரோட கீறவங்கள்ல சேத்து ஒரு தபா படிச்சுடும்மா."

சிலுவையம்மாள் நோயலின் அம்மா. தீ வைத்த நாளுக்குப் பிறகு அவள் கோயில் வாசலை மிதிக்கவில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

"என்னால முடியாதுங்க."

"படின்னுதான் சொல்றேன். நீ வேண்டிக்கோன்னா சொன்னேன்?" என்று சொல்லிவிட்டு அவர் மணியடிக்கப் போய்விட்டார்.

டெபோரா படிக்கவில்லை. உயிரோடிருப்பவர்களின் பெயர்கள் வந்தபோது பரீட்சையைப் படித்தாள், பிரசவத்தைப் படித்தாள், விசாவைப் படித்தாள். அந்தப் பெயரைப் பல்லுக்குள் கடித்து விழுங்கினாள். விழுங்கியதில் ஒரு திருப்தி இருந்தது. அதன்பின் இறந்தவர்களின் பெயர்களைத் தொடர்ந்தாள். சபை "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. இரண்டாவது வரிசையில் சில தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மின்விசிறியில் புறா மாட்டிக்கொண்டதோ என்று அவள் அண்ணாந்து பார்த்தாள்.

பூசை முடிந்து ஷேர் ஆட்டோ பிடித்து வேலைக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா போனில் வந்தாள்.

"டெபோ, நோயல் பூட்டானாமே."

"எங்க?"

"செத்துட்டான்மே. தெருவே சொல்லிக்கினு கீது. ஜெயில்ல தூக்கு மாட்டிக்கினான்றா ஒருத்தி, நெஞ்சு வலின்றா ஒருத்தி. நீ வூட்டுக்கு வா."

கையிலிருந்த ரத்தக் குழாயைத் தாங்கியில் வைத்தாள். பெயர் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்தாள். ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். இரண்டு வருஷம் நினைத்து நினைத்து வைத்திருந்தது இப்போது வர வேண்டும். அறையில் குளிர்பதனப் பெட்டி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னா ஆச்சு?" என்றாள் ஃபரா.

"நோயல் செத்துட்டானாம்."

"இன்னாலில்லாஹி..." என்று, சாவுச் சேதி கேட்டால் சொல்வதை ஃபராவின் வாய் தானாக ஆரம்பித்தது. பாதியில் நிறுத்தி, பெரிய தப்புச் செய்துவிட்டவள் போல டெபோராவைப் பார்த்தாள். டெபோராவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. யாராவது ஒருவர் அதைச் சொல்லத்தானே வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

வீட்டில் அம்மா கதவைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். கோதண்டம் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"மேல ஒருத்தன் குந்திகினு கீறான், அவன்தான் பெரிய ஜட்ஜு. பாத்தியா, வெள்ளிக்கெழம வரிக்கும்கூட வெயிட் பண்ணல அவன்" என்றவரின் குரல் உடனே கொஞ்சம் இறங்கியது. "ஆனா கோர்ட்டு சொல்லி போட்டிருந்தா ஊரு உலகத்துக்கே ஒரு பாடமா இருந்திருக்கும். பேப்பர்லயும் வந்திருக்கும். இப்ப பேனர இன்னா பண்றதுன்னு தெரீல."

அவர் தெருவில் இறங்கிப் போனார். காற்றில் பின்கதவு திறந்து மூடிக்கொண்டது.

"அவன் சாவட்டும் சாவட்டும்னு ரெண்டு வருசமா கெடந்தேன்" என்றாள் அம்மா. "சேதி வந்தா ஓன்னு அழுவேன்னு நெனச்சேன். இல்லாங்காட்டி சிரிப்பேன்னு. சொல்ட்டுப் போனாங்க. எழுந்து போயி ஒல வெச்சேன். அரிசி களைஞ்சேன். அப்பாலிக்கா இன்னான்னு தெரீல டெபோ. அதே கதவுதான் அடிச்சுக்கினு கீது."

டெபோரா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சோறு வேகும் வாசனை வந்தது. ஜோ உள்ளிருந்து கதவைத் தட்டியதை எதிர்வீட்டுக்காரர் கேட்டிருந்தார். எத்தனை தடவை தட்டினான் என்று கோர்ட்டில் கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. அந்தச் சத்தம் டெபோராவின் காதில் ஓயாமல் இருந்தது. இப்போதும் இருந்தது. நோயல் செத்த பிறகும் அது ஒரு தட்டுகூடக் குறையவில்லை.

குணசேகரனுக்குப் போன் செய்தாள். வெள்ளிக்கிழமை வர வேண்டுமா வேண்டாமா என்று கேட்க வேண்டும்.

"செத்துட்டானா? யார் சொன்னது? இருங்க" என்று வைத்தவர், கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். குரலில் எரிச்சல். "ஜெயில்ல பேசிட்டேன். குத்துக்கல்லாட்டம் இருக்கான். இப்பத்தான் சாப்பாடு வாங்கிட்டுப் போனானாம். எவன்மா இப்படிப் புரளி கிளப்புறது?"

எவன் என்று கேட்க அவள் உபதேசியாரைத்தான் தேடிப் போனாள். தெருச்சேதி அவருக்குத் தெரியாமல் இருக்காது. சவரிநாதன் கோயில் முற்றத்தில் மெழுகுப் படிவுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவள் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"இன்னாம்மா வெளாட்றியா? நீதானே மைக்ல சொன்ன?"

"நானா?"

"ஜோ, நோயல், சில்வியா, இவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காகன்னு. கோயிலே கேட்டுச்சு. நானும்தான் கேட்டேன். கவர்மென்ட் வக்கீலு உனக்குச் சேதி சொல்லி அனுப்பிச்சுட்டாரு, அதான் எடம் மாத்திப் படிக்கிறேன்னு நெனச்சேன். எல்லாரும் அப்டித்தான் நெனச்சாங்க. செத்தவன் தங்கச்சி வாயாலயே வந்தா அப்பால அதுல இன்னா சந்தேகம்?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். அப்போதுதான் அவளுக்கே கேட்டது, காலையில் கோயில் சுவரில் மோதித் திரும்பிய அவளுடைய குரல். ஜோ என்றதும் மூச்சு நிற்காமல் அடுத்த பெயருக்கு ஓடியிருந்தது. சின்ன வயசிலிருந்து ஓடிய தடம் அது. உயிரோடிருப்பவர்களில் சேர்க்க மாட்டேன் என்று விழுங்கிய பெயர் உள்ளே போகவில்லை. இறந்தவர்கள் பக்கத்தில் போய் வெளியே வந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான பேர் அதற்கு மன்றாட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயா?"

"வாய் தவறிடுச்சும்மா."

"அப்ப அவ?" என்றாள் அம்மா. "சிலுவ காலேலேந்து அழுதுகினு கீறாளாமே. ஒருத்திய புள்ள செத்துட்டான்னு குந்தி அழ வெச்சுட்டு இங்க இன்னா நின்னுகினு கீற? போ. போயி சொல்லு."

சிலுவையம்மாளின் வீடு ரயில் பாதையோரம். கும்மிடிப்பூண்டி ரயில் போனால் சுவரில் மாட்டியிருக்கும் சாமான்கள் ஆடும். சின்ன வயசில் ஜோவைத் தேடி டெபோரா அங்கே ஆயிரம் தடவை போயிருக்கிறாள். பிறகு போனதில்லை. யாருமே போனதில்லை. குழாயடியில் சிலுவையம்மாள் குடம் வைத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

இன்று சந்து நிறைய ஆட்கள். வாடகை பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்திருந்தன. யாரோ பெரிய பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்து சின்னக் காகிதக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தார்கள். ஜெயில் வாசலுக்கே போய்க் கேட்டுவர ஒருவர் பைக்கில் கிளம்பியிருந்தார். உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா பண்ணாலும் பெத்த வயிறு எரியத்தானே செய்யும்" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

சுவரோரம் ஸ்டூலில் நோயலின் படத்தை வைத்து மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். தனிப் படம் கிடைக்கவில்லை போலும். சின்ன வயசில் கோயிலில் புதுநன்மை வாங்கிய நாளில் எடுத்த படம் அது. வெள்ளைச் சட்டையும் கையில் மெழுகுவர்த்தியுமாக இரண்டு பையன்கள். ஒருவன் நோயல். தோளில் கை போட்டு ஒட்டி நிற்கும் இன்னொருவன் ஜோ. மெழுகுவர்த்தியின் வெளிச்சம் இரண்டு முகத்திலும் ஒரே மாதிரி ஆடியது.

டெபோராவைப் பார்த்ததும் பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். சிலுவையம்மாளின் தலை அவிழ்ந்து கிடந்தது. கண் இமைகள் வீங்கியிருந்தன. எழுந்திருக்க முயன்று முடியாமல் கையை மட்டும் நீட்டினாள்.

"வந்துட்டியா. உன்னத்தான் கேக்கணும்னு இருந்தேன். நீதான படிச்ச. பாடிய எப்பம்மா குடுப்பாங்க? வக்கீலு இன்னா சொன்னாரு? இங்க அடக்கம் பண்ண உடுவாங்களா, இல்ல அவங்களே பண்ணிடுவாங்களா?"

டெபோரா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்க அவளால் முடியவில்லை.

"அத்தே, அவன் சாவல."

"இன்னா?"

"சாவல. நான் தப்பாப் படிச்சுட்டேன். ஜோ பேரோட சேந்து வாயில வந்துடுச்சு. வக்கீல் ஜெயில்ல கேட்டுட்டாரு. நல்லா இருக்கான். சாப்ட்டானாம்."

ஒரு ரயில் போனது. சுவரில் சாமான்கள் ஆடி நின்றன.

"அடிப்பாவி" என்றாள் மூக்கைச் சிந்தியவள். அது டெபோராவுக்கா நோயலுக்கா என்று தெரியவில்லை. அவளே முதலில் எழுந்தாள். "அப்ப நாம இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீறோம்?" புடவையைத் தட்டிக்கொண்டு வெளியே போனாள். அவள் பின்னால் ஒருத்தி. அப்புறம் இரண்டு பேர். யாரும் சிலுவையம்மாளிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. வெளியே நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்டது. காப்பி கொண்டுவந்தவள் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த கோப்பைகளையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு போனாள். செத்தவனின் அம்மாவுக்கு வந்தவர்கள் அவர்கள். உயிரோடிருப்பவனின் அம்மாவிடம் அவர்களுக்கு ஒன்றுமில்லை.

கொஞ்ச நேரத்தில் வீட்டில் இரண்டு பேர் மட்டுமே இருந்தார்கள்.

சிலுவையம்மாள் திறந்த வாய் மூடாமல் இருந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று டெபோரா பயந்தாள். வந்தால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. ஆனால் வந்தது சந்தோஷம் இல்லை. களைப்பாக இருந்தது.

"வெள்ளிக்கெழம நீ கோர்ட்ல பேசப் போறியாமே" என்றாள். "தூக்குன்னு சொல்லப் போறியாமே."

டெபோரா ஸ்டூலில் இருந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தாள்.

"அப்ப இத நான் மறுபடியும் மொதல்லேந்து அழுவணுமா?"

அவள் கெஞ்சவில்லை. தண்ணீர் லாரி நாளைக்கும் வருமா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். பிறகு வெறிச்சோடிய வாசலைப் பார்த்தாள்.

"அப்பவாச்சும் இவங்க கடேசி வரிக்கும் இருப்பாங்களா?"

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் கூட்டம். கோதண்டம் சங்கத்து ஆட்களோடு வந்திருந்தார். குணசேகரன் வெகுநேரம் பேசினார். கர்ப்பிணி என்றார், வெளித்தாழ்ப்பாள் என்றார், இட்லி என்றார். எதிர்த்தரப்புக்கு இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல், தூக்கு செத்தவர்களைத் திருப்பித் தராது என்றார். "ஆயுள் தண்டனை மட்டும் திருப்பித் தருமா?" என்று குணசேகரன் கேட்டதும் பின்வரிசையில் சிலர் கை தட்டினார்கள். நீதிபதி கண்ணாடிக்கு மேலே பார்த்தார். கைதட்டல் நின்றது.

டெபோராவைக் கூப்பிட்டார்கள். கூண்டுப் பக்கம் பார்க்காமல் நடந்துபோய் நின்றாள். இங்கே மைக் இல்லை. எழுதி வைத்ததும் இல்லை.

"நீங்க என்ன சொல்ல விரும்புறீங்க?" என்றார் நீதிபதி.

"அவன் சாவணும்னு சொல்லத்தான் ஐயா ரெண்டு வருஷமா இருந்தேன்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. சத்தமாக என்றார்கள். "இந்தச் செவ்வாய்க்கிழமை அவன் செத்துட்டான்னு எங்க வீட்ல நம்பிட்டோம். மத்தியானம் வரைக்கும். எங்களுக்கு ஒண்ணும் மாறல ஐயா. ஜோ கதவு தட்டுற சத்தம் அப்படியே இருந்துச்சு. அவங்க அம்மா வீட்ல மட்டும் புதுசா ஒரு சாவு விழுந்துச்சு. அந்தச் சாவு என் வாயால வந்தது. நான் போய்ப் பார்த்தேன். இன்னொரு தடவை என் வாயால சொல்ல மாட்டேன்."

குணசேகரன் பேனாவை மூடினார்.

"குற்றவாளியை மன்னிச்சுட்டீங்களா?"

"இல்லைங்க ஐயா."

"வெளியே விடலாம்னு நினைக்கிறீங்களா?"

"வேணாம். எப்பவுமே வேணாம்."

மாலையில் தீர்ப்பு வந்தது. நீதிபதி நிறைய காரணங்கள் வாசித்தார். அவற்றில் டெபோரா சொன்னது ஒரு வரியில் வந்துபோனது. ஆயுள் தண்டனை. மேல்முறையீடு செய்வோம் என்று குணசேகரன் வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். டெபோராவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

கோதண்டம் வழியை மறித்தார். "எங்க எல்லார் மூஞ்சிலயும் கரிய பூசிட்டியேம்மா. உங்கண்ணன் ஆவி உன்ன சும்மா உடுமா?"

"விடாது மாமா" என்றாள் டெபோரா. "எப்பவும்தான் விடல."

நடைபாதையில் போலீஸ்காரர்கள் நோயலைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் சுவரோடு ஒதுங்கினாள். கடந்துபோகும்போது அவன் நின்றான். இரண்டு வருஷத்தில் அவள் அவன் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் முறை. கன்னம் சதை வைத்திருந்தது. காதோரம் ஒன்றிரண்டு வெள்ளை முடி.

"டெபோ" என்றான். வீட்டில் கூப்பிடும் பெயர் அது. "அம்மா மனு போட்டு பாக்க வந்துச்சு. வூடு நெறைய ஆளு வந்தாங்களாமே."

அவள் போலீஸ்காரரைப் பார்த்தாள்.

"உங்க வூட்லேந்து யாராச்சும் வந்தாங்களா?"

"நான் வந்தேன்."

"அழுதியா?"

போலீஸ்காரர் அவன் கையை இழுத்தார். அவன் நகராமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல" என்றாள்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அது சரிதான் என்பது போல. பிறகு அவர்களோடு போனான். இன்னும் கொஞ்ச வருஷத்தில் அந்தத் தலை முழுக்க நரைத்துவிடும். பல் விழும், முதுகு வளையும், கெட்டிச் சட்னி மெல்ல முடியாமல் போகும். ஜோவுக்கு இதெல்லாம் நடக்காது. இதைத்தான் அவள் இன்று கேட்டு வாங்கியிருந்தாள்.

கீழே அம்மா காத்திருந்தாள். டெபோரா படிகளின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் காலை வைத்து இறங்கினாள்.